மலாபோ சமவாயம்: கையெழுத்துக்கும் நடைமுறைக்கும் இடையில் ஆபிரிக்க நாடுகள்

2024 டிசம்பரில் நமீபியாவின் அரச தொலைத்தொடர்பு நிறுவனமான டெலிகொம் நமீபியாவின் கோப்புகள் இணையத்தில் வெளியாகின. ‘ஹன்டர்ஸ் இன்டர்நெஷனல்’ என்ற பெயரில் இயங்கிய குழுவொன்று நிறுவனத்தின் கணினிகளுக்குள் புகுந்து தரவுகளைக் களவாடிக் கப்பம் கேட்டிருந்தது. கப்பம் கிடைக்காததால் களவாடியதை வெளியிட்டது. வாடிக்கையாளர்களின் தனிப்பட்ட விவரங்களும் அதற்குள் இருந்தன.

அதற்கு முந்தைய ஆண்டுதான், சிம் அட்டை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தமது அடையாள விவரங்களைத் தொலைபேசி நிறுவனத்திடம் பதிய வேண்டும் என்ற விதியை நமீபியா நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தது. விவரம் கொடுப்பது மக்களுக்குக் கட்டாயமானது. ஆனால், கொடுத்த விவரம் களவுபோனால் நிறுவனத்தின் பொறுப்பு என்ன, மக்கள் யாரிடம் முறையிடுவது, யார் விசாரிப்பது என்பவற்றைச் சொல்லும் பொதுவான தரவுப் பாதுகாப்புச் சட்டம் அப்போது அந்நாட்டில் இருக்கவில்லை. அது ஆண்டுக்கணக்கில் வரைவாகவே கிடந்தது. இத்தனைக்கும், தரவுப் பாதுகாப்புக்கெனச் சட்டமும் சுயாதீன அதிகாரசபையும் அமைக்கும்படி கூறும் ஆபிரிக்க ஒன்றியத்தின் சமவாயத்தை நமீபியா 2019 இலேயே ஏற்புறுதி செய்திருந்தது.

எல்லைக்கு அப்பால் உள்ள தென்னாபிரிக்காவைப் பாருங்கள். அந்தச் சமவாயத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்த 15 நாடுகளின் பட்டியலில் தென்னாபிரிக்கா இல்லை. ஆனால் அங்கே 2021 செப்டெம்பரில் நீதி அமைச்சின் கணினிகள் கப்பக்காரர்களிடம் சிக்கியபோது, தகவல் ஒழுங்குபடுத்துநர் என்ற சுயாதீன அலுவலகம் விசாரணை நடத்தியது. வைரஸ் தடுப்பு, ஊடுருவல் கண்டறிதல் ஆகியவற்றுக்கான மென்பொருள் உரிமங்களை அமைச்சு புதுப்பிக்காமல் விட்டிருந்தது தெரியவந்தது. புதுப்பிக்கும்படி கொடுத்த உத்தரவையும் அமைச்சு உரிய காலத்துக்குள் நிறைவேற்றவில்லை. 2023 ஜூலையில் நீதி அமைச்சுக்கே 50 இலட்சம் ரான்ட் தண்டப்பணம் விதிக்கப்பட்டது.

ஏற்புறுதி செய்த நாட்டில் முறையிட இடமில்லை. ஏற்புறுதி செய்யாத நாட்டில் அமைச்சுக்கே தண்டம் விழுகிறது. அப்படியானால் பிராந்திய உடன்படிக்கைகளால் என்ன பயன் என்ற கேள்வி எழுவது இயல்பு. பயன் இல்லை என்பது என் வாதமல்ல. இந்த உடன்படிக்கைகள் அரசுகளிடம் இரண்டு கடமைகளை ஒன்றாக ஒப்படைக்கின்றன: குற்றத்தைத் தடுக்கும் அதிகாரத்தைப் பெற்றுக்கொள், அதே நேரத்தில் மக்களின் தரவைக் காக்கும் கட்டுப்பாட்டுக்கு நீயும் உட்படு. பல அரசுகள் முதலாவதை உடனே எடுத்துக்கொண்டு இரண்டாவதைத் தள்ளிவைத்தன. ஆபிரிக்காவில் இவ்வுடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்துவதில் உள்ள சிக்கலின் மையம் இதுதான் என்று நான் கருதுகிறேன்.

மலாபோவில் நடந்தது என்ன?

2014 ஜூன் மாதம் எக்குவடோரியல் கினியின் மலாபோ நகரில் ஆபிரிக்க ஒன்றியத்தின் உச்சிமாநாடு நடந்தது. ஜூன் 27 அன்று, இணையப் பாதுகாப்பு மற்றும் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்பு தொடர்பான ஆபிரிக்க ஒன்றியச் சமவாயம் அங்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது. சுருக்கமாக மலாபோ சமவாயம் என்பார்கள். 38 உறுப்புரைகள் கொண்ட இந்த ஆவணம் மூன்று துறைகளைத் தொடுகிறது. முதலாவது இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல். இரண்டாவது தனிப்பட்ட தரவுப் பாதுகாப்பு. மூன்றாவது இணையப் பாதுகாப்பும் இணையக் குற்றத் தடுப்பும்.

உச்சிமாநாட்டில் ஏற்றுக்கொள்வதோடு ஒரு சமவாயம் யாரையும் கட்டுப்படுத்திவிடாது. ஒவ்வொரு நாடும் தன் அரசமைப்பு முறைப்படி அதனை ஏற்புறுதி செய்து, அந்த ஆவணத்தை ஆபிரிக்க ஒன்றியத்திடம் ஒப்படைக்க வேண்டும். 15 நாடுகள் ஒப்படைத்து 30 நாட்கள் கழிந்த பிறகே சமவாயம் நடைமுறைக்கு வரும் என்பது விதி. செனகல் 2016 இல் முதலாவதாக ஏற்புறுதி செய்தது. 15 ஆவது நாடான மொரிட்டேனியா ஆவணத்தை ஒப்படைத்தது 2023 மே மாதத்தில். 2023 ஜூன் 8 அன்று சமவாயம் நடைமுறைக்கு வந்தது. ஏற்றுக்கொண்ட நாளில் இருந்து ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள்.

அந்த 15 நாடுகள்: அங்கோலா, ஐவரி கோஸ்ட், கானா, கினி, கேப் வேர்டே, கொங்கோ குடியரசு, சாம்பியா, செனகல், டோகோ, நமீபியா, நைஜர், மொசாம்பிக், மொரிட்டேனியா, மொரிஷியஸ், ருவாண்டா. ஆபிரிக்க ஒன்றியத்தில் உள்ள நாடுகள் 55. கண்டத்தின் பெரிய இணையச் சந்தைகளான நைஜீரியா, தென்னாபிரிக்கா, எகிப்து, கென்யா ஆகிய நான்குமே அந்த 15 இல் இல்லை.

ஏன் இத்தனை தாமதம்? ஒரு காரணம் ஆவணத்தின் அகலம். மூன்று துறைகளை ஒன்றாகக் கட்டியதால், ஏற்புறுதி செய்யும் நாடு வணிகச் சட்டம், குற்றவியல் சட்டம், தனியுரிமைச் சட்டம் மூன்றிலும் கைவைக்க வேண்டியிருந்தது. சமவாயத்தின் முந்தைய வரைவுகள் கருத்துச் சுதந்திரத்துக்கு ஆபத்தானவை என்று கென்யாவிலும் பிற நாடுகளிலும் சிவில் சமூகத்தினர் எதிர்ப்புத் தெரிவித்ததும் வேகத்தைக் குறைத்தது. மூன்றாவது காரணம் வெளிப்படையாகச் சொல்லப்படுவதில்லை. தன்னையே கேள்வி கேட்கக்கூடிய ஓர் அதிகாரசபையை உருவாக்குவதில் எந்த அரசுக்கும் அவசரம் இருப்பதில்லை.

ஒரே ஆவணத்தில் இரண்டு கடமைகள்

சமவாயத்தை வாசித்தபோது இரண்டு இடங்களில் நான் நின்றுவிட்டேன். ஒன்று 11 ஆவது உறுப்புரை. தனிப்பட்ட தரவைக் காக்க ஒவ்வொரு நாடும் சுயாதீனமான நிருவாக அதிகாரசபை ஒன்றை அமைக்க வேண்டும் என்கிறது. அதில் அமர்பவர் அரசாங்கத்தில் அங்கம் வகிக்கக்கூடாது. வணிக நிறுவனத்தின் நிறைவேற்றுப் பதவியில் இருக்கக்கூடாது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் பங்கும் வைத்திருக்கக்கூடாது. மற்றது 25 ஆவது உறுப்புரை. இணையக் குற்றங்களுக்கு எதிராக ஒரு நாடு இயற்றும் சட்டங்கள் அந்நாட்டு அரசமைப்பும், மனித மற்றும் மக்கள் உரிமைகளுக்கான ஆபிரிக்கப் பட்டயமும் உறுதிசெய்த உரிமைகளை மீறக்கூடாது என்கிறது. கருத்து வெளியிடும் சுதந்திரம், தனிப்பட்ட வாழ்வுக்கான உரிமை, நியாயமான விசாரணைக்கான உரிமை ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

அதாவது பொலிஸாருக்கு அதிகாரம் கொடுக்கும் அதே தாளில் அந்த அதிகாரத்துக்கான எல்லையும் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் தேசியச் சட்டங்கள் எந்த வரிசையில் வந்தன என்று பாருங்கள்.

நைஜீரியா: இணையக் குற்றச் சட்டம் 2015, தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023.
தன்சானியா: இணையக் குற்றச் சட்டம் 2015, தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022.
உகண்டா: கணினித் துர்ப்பிரயோகச் சட்டம் 2011, தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2019.
எத்தியோப்பியா: கணினிக் குற்றப் பிரகடனம் 2016, தரவுப் பாதுகாப்புப் பிரகடனம் 2024.
மலாவி: இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் மற்றும் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2016, தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024.

இந்த ஐந்து நாடுகளிலும் தண்டிக்கும் சட்டம் வந்து ஏழு அல்லது எட்டு ஆண்டுகள் கழித்தே காக்கும் சட்டம் வந்திருக்கிறது. இந்த இடைவெளியில்தான் சிம் பதிவு, விரலடையாளத்துடன் கூடிய தேசிய அடையாள அட்டை, கையடக்கத் தொலைபேசி வழிப் பணப்பரிமாற்றம் எல்லாம் கண்டமெங்கும் பரவின. மக்களின் தரவு மிக வேகமாகத் திரட்டப்பட்ட காலத்தில் அதற்குக் காவல் மிகக் குறைவாக இருந்தது.

விதிவிலக்குகளும் உண்டு. கானா 2012 இல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் 2020 இல் இணையப் பாதுகாப்புச் சட்டத்தையும் இயற்றியது. செனகல் 2008 ஜனவரியில் இரண்டு சட்டங்களையும் ஒரே நாளில் வெளியிட்டது. ஐவரி கோஸ்ட் 2013 ஜூனில் அதையே செய்தது. இந்த மூன்றும் மேற்கு ஆபிரிக்க நாடுகள் என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பிராந்தியத்தில் மலாபோவை விடப் பழைய, அளவில் சிறிய ஓர் உடன்படிக்கை இருக்கிறது.

மேற்கு ஆபிரிக்காவின் பாடம்

மேற்கு ஆபிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகம் (எகோவாஸ்) 2010 பெப்ரவரியில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்பு தொடர்பான துணைச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. 2011 ஓகஸ்டில் இணையக் குற்றத் தடுப்புப் பணிப்பாணையை வெளியிட்டது. தென்பகுதி ஆபிரிக்க அபிவிருத்திச் சமூகம் (சடெக்) தயாரித்ததோ மாதிரிச் சட்டம். விரும்பிய நாடு அதைப் பின்பற்றலாம், விரும்பாத நாடு அலுமாரியில் வைக்கலாம். கிழக்கு ஆபிரிக்கச் சமூகத்தின் இணையச் சட்டச் சட்டகமும் அதே வகை வழிகாட்டிதான். எகோவாஸ் ஆவணங்கள் உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்துபவை. அதற்கும் மேலாக, எகோவாஸுக்கு அபுஜாவில் ஒரு நீதிமன்றம் இருக்கிறது. மனித உரிமை மீறல் என்றால், உள்நாட்டு நீதிமன்றப் படிகள் அனைத்தையும் ஏறி முடிக்காமலே தனிநபரும் அமைப்புகளும் அங்கு நேரடியாக வழக்குத் தொடரலாம்.

டோகோவில் 2017 செப்டெம்பரில் அரசுக்கு எதிரான ஆர்ப்பாட்டங்களின்போது இணையம் துண்டிக்கப்பட்டது. அதற்கு எதிரான வழக்கில், துண்டிப்பு சட்டவிரோதமானது என்று எகோவாஸ் நீதிமன்றம் 2020 ஜூன் 25 அன்று தீர்ப்பளித்தது. நைஜீரியா 2021 ஜூனில் ட்விட்டருக்கு விதித்த தடையையும் 2022 ஜூலையில் அதே நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. நைஜீரிய இணையக் குற்றச் சட்டத்தின் 24 ஆவது பிரிவு ஊடகவியலாளர்களைக் கைதுசெய்வதற்கு அடிக்கடி பயன்பட்டு வந்தது. அந்தப் பிரிவு ஆபிரிக்கப் பட்டயத்துக்கு முரணானது, திருத்த வேண்டும் என்று 2022 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. 2024 இல் நைஜீரியா அந்தப் பிரிவைத் திருத்தியது. திருத்தம் போதாது என்ற விமர்சனம் இருந்தாலும், பிராந்திய நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு தேசியச் சட்டத்தின் வாசகத்தை மாற்ற வைத்தது என்பது சிறிய விடயமல்ல.

மலாபோ சமவாயத்துக்கு இப்படியொரு பல் இல்லை. நடைமுறைப்படுத்தலைக் கண்காணித்து ஆபிரிக்க ஒன்றிய அமைப்புகளுக்கு அறிக்கையிடும் பொறிமுறை பற்றி 32 ஆவது உறுப்புரை பேசுகிறது. ஆனால், ஏற்புறுதி செய்துவிட்டுச் சட்டமே இயற்றாமல் இருக்கும் நாட்டைத் தண்டிக்க வழியில்லை. நமீபியா மட்டுமல்ல, மொசாம்பிக்கும் ஏற்புறுதிக்குப் பின் பல ஆண்டுகள் முழுமையான தரவுப் பாதுகாப்புச் சட்டம் இல்லாமலே இருந்தது.

மேற்கு ஆபிரிக்காவின் பாடத்துக்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. மாலி, புர்கினா பாசோ, நைஜர் ஆகிய மூன்று நாடுகளின் இராணுவ அரசுகள் 2025 ஜனவரி 29 அன்று எகோவாஸில் இருந்து முறைப்படி விலகின. நைஜர் மலாபோவை ஏற்புறுதி செய்த நாடு. அங்கே இராணுவ ஆட்சி வந்த பிறகு, 2024 இல், இணையவழி அவதூறுக்குச் சிறைத்தண்டனையை மீண்டும் கொண்டுவந்தார்கள். மூன்று நாட்டு மக்களுக்கும் அபுஜா நீதிமன்றத்தின் பாதுகாப்பு கேள்விக்குறியாகிவிட்டது. பிராந்திய உடன்படிக்கை, அந்தப் பிராந்திய அமைப்பு நிலைத்திருக்கும் வரைதான் காக்கும்.

அலுவலகம் யாருக்குக் கீழே இருக்கிறது?

சட்டம் இயற்றிய நாடுகளிலும் அடுத்த தடங்கல் உடனே வருகிறது. கேப் வேர்டே ஆபிரிக்காவிலேயே முதலாவதாக, 2001 இல், தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றிய நாடு. ஆனால் அதனை மேற்பார்வை செய்யும் ஆணைக்குழு செயற்படத் தொடங்கியது 2015 இல். தென்னாபிரிக்காவின் சட்டம் 2013 இல் நிறைவேறியது. முழுமையாக அமுலானது 2021 ஜூலையில். சட்டப் புத்தகத்தில் உள்ள திகதிக்கும் ஒரு குடிமகன் முறைப்பாட்டுடன் படியேறும் திகதிக்கும் இடையில் எட்டு, பதினான்கு ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

அலுவலகம் திறந்த பிறகு அது யாருக்குக் கீழே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. ருவாண்டாவில் 2021 ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மேற்பார்வை செய்வது தேசிய இணையப் பாதுகாப்பு அதிகாரசபை. ஐவரி கோஸ்ட்டில் அந்தப் பொறுப்பு தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் நிறுவனத்திடம் இருக்கிறது. சமவாயத்தை ஏற்புறுதி செய்யாத உகண்டாவில் தரவுப் பாதுகாப்பு அலுவலகம் தேசிய தகவல் தொழில்நுட்ப அதிகாரசபைக்குள் அமைந்திருக்கிறது. வளம் குறைந்த நாடு புதிய நிறுவனம் தொடங்குவதை விட இருக்கும் நிறுவனத்திடம் வேலையைக் கொடுப்பதில் ஒரு நியாயம் உண்டு. கணினி வல்லுநர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். சம்பளமும் கட்டடமும் ஏற்கெனவே இருக்கின்றன.

ஆனால் நாட்டின் வலையமைப்பைக் கண்காணிக்கும் நிறுவனமே, அந்தக் கண்காணிப்பில் குடிமக்களின் தனியுரிமை மீறப்பட்டதா என்று விசாரிக்கும் நிறுவனமாகவும் இருக்கும்போது முறைப்பாட்டாளர் எங்கே போவார்? தொலைபேசி நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கும் அலுவலகம் அவற்றின் மீதே தரவு மீறலுக்காகக் கடும் நடவடிக்கை எடுக்குமா? 11 ஆவது உறுப்புரையில் ‘சுயாதீன’ என்ற சொல் போடப்பட்டதற்கு இந்தச் சங்கடமே காரணம். கானாவில் தரவுப் பாதுகாப்பு ஆணைக்குழுவும் இணையப் பாதுகாப்பு அதிகாரசபையும் தனித்தனி நிறுவனங்கள். இரண்டுக்கும் நிதிச் சிரமம் இருந்தாலும் அந்தப் பிரிப்பு சரியானது என்பேன்.

அதிகாரம் வேலை செய்யும்போது

கென்யா மலாபோவை ஏற்புறுதி செய்யாமலே 2019 நவம்பரில் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் ‘ஹுடுமா நம்பா’ என்ற தேசிய அடையாளத் திட்டத்துக்காக மக்களின் உடலியல் தரவுகளை அரசு திரட்டியிருந்தது. அட்டை விநியோகம் தொடங்கியபோது வழக்குப் போடப்பட்டது. தரவுப் பாதுகாப்பு மீதான தாக்கத்தை முன்கூட்டி மதிப்பிடாமல் அட்டை வழங்கத் தொடங்கியது செல்லாது என்று 2021 ஒக்டோபரில் நைரோபி மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தரவு திரட்டிய பிறகே சட்டம் வந்தது என்ற அரசின் வாதம் எடுபடவில்லை.

2023 இல் வேர்ல்ட்கொயின் என்ற நிறுவனம் நைரோபியில் கருவிழியைப் படம் பிடித்துக்கொண்டு அதற்குப் பதிலாக எண்ணிமப் பணம் கொடுத்தது. நீண்ட வரிசைகளில் நின்று மக்கள் கண்களைக் காட்டினார்கள். கைச்செலவுக்குப் பணம் தேவைப்படும் இளைஞர்களுக்கு அது பெரிய தொகை. ஓகஸ்ட் மாதத் தொடக்கத்தில் அரசு அதனை நிறுத்தியது. 2025 மே 5 அன்று மேல் நீதிமன்றம், அப்படித் திரட்டிய உடலியல் தரவுகளைத் தரவு ஆணையாளரின் மேற்பார்வையில் ஏழு நாட்களுக்குள் அழிக்கும்படி உத்தரவிட்டது. பணம் கொடுத்துப் பெற்ற சம்மதம் சுதந்திரமான சம்மதம் ஆகாது என்ற நிலைப்பாடு கண்டத்தின் மற்ற நாடுகளுக்கும் பயன்படும்.

நைஜீரியாவில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழு, வாட்ஸ்அப்பின் தனியுரிமைக் கொள்கை தொடர்பாகத் தரவுப் பாதுகாப்பு ஆணைக்குழுவுடன் சேர்ந்து விசாரித்து, மெட்டா நிறுவனத்துக்கு 2024 ஜூலையில் 220 மில்லியன் டொலர் தண்டம் விதித்தது. ஒப்பிடக்கூடிய சட்டம் உள்ள மற்ற நாடுகளின் பயனாளர்களுக்குக் கொடுத்த தெரிவுகளை நைஜீரியர்களுக்குக் கொடுக்காமல் பாகுபாடு காட்டியது என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. 2025 ஏப்ரலில் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அந்தத் தண்டத்தை உறுதிசெய்தது.

இந்த எடுத்துக்காட்டுகள் எல்லாம் பெரிய நாடுகளில் இருந்து வருவதைக் கவனியுங்கள். இருபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் உள்ள நைஜீரியா மெட்டாவுடன் மோதலாம். சந்தையை விட்டுப் போக அந்நிறுவனத்துக்கு மனம் வராது. டோகோவோ கேப் வேர்டேயோ தனியாக அதைச் செய்ய முடியாது. கண்டம் தழுவிய ஓர் உடன்படிக்கையின் உண்மையான தேவை சிறிய நாடுகளுக்கே இருக்கிறது. பெரிய நாடுகள் வெளியே நிற்கும்வரை அந்தக் கூட்டு பலம் அவர்களுக்குக் கிடைக்காது.

எல்லை தாண்டும் குற்றம்

இணையக் குற்றத்தைப் பெரிதாக்கி அரசுகள் அதிகாரம் திரட்டுகின்றன என்பது உண்மை. அதனால் குற்றமே கற்பனை என்று ஆகிவிடாது. இன்டர்போல் 2025 ஜூன் முதல் ஓகஸ்ட் வரை நடத்திய ‘செரங்கெட்டி 2.0’ நடவடிக்கையில் 18 ஆபிரிக்க நாடுகளும் பிரித்தானியாவும் பங்கேற்றன. 1,209 பேர் கைதானார்கள். 97.4 மில்லியன் டொலர் மீட்கப்பட்டது. சாம்பியாவில் மட்டும் ஒரு போலி முதலீட்டுத் திட்டத்தில் 65,000 பேர் ஏறத்தாழ 300 மில்லியன் டொலரை இழந்திருந்ததாக இன்டர்போல் கூறியது.

இத்தகைய வழக்கில் ஏமாற்றியவர் ஒரு நாட்டில், ஏமாந்தவர் இன்னொரு நாட்டில், சான்று இருக்கும் கணினி மூன்றாவது நாட்டில் இருக்கும். சான்றை அழியுமுன் பெற வேண்டும். இங்கே மலாபோ பலவீனமானது. பரஸ்பர சட்ட உதவிக்கான உடன்படிக்கைகளைச் செய்துகொள்ளும்படி 28 ஆவது உறுப்புரை நாடுகளை ஊக்குவிக்கிறது; அந்த உதவிக்கான விரிவான நடைமுறையைத் தானே தருவதில்லை. ஐரோப்பிய மன்றத்தின் புடாபெஸ்ட் சமவாயத்தில், ஒவ்வொரு நாடும் 24 மணிநேரமும் இயங்கும் தொடர்பு நிலையம் வைத்திருக்க வேண்டும் என்ற திட்டவட்டமான ஏற்பாடு உண்டு. மொரிஷியஸ், செனகல், கானா, கேப் வேர்டே, மொரோக்கோ, நைஜீரியா போன்றவை அதில் இணைந்ததற்கு இதுவே நடைமுறைக் காரணம். 2015 முதல் இலங்கையும் அதில் உறுப்பு நாடு. ஆகவே, லாகோஸில் உள்ள ஒரு கணினியில் இருக்கும் சான்றுக்காகக் கொழும்பில் இருந்து கோரிக்கை போவதானால் அது இந்தப் பாதையிலேயே போகும். 2024 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை இணையக் குற்றத்துக்கு எதிரான புதிய சமவாயத்தையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆபிரிக்க நாடுகளின் மேசையில் இப்போது ஒன்றின் மேல் ஒன்றாகப் பல உடன்படிக்கைகள் இருக்கின்றன.

இவற்றில் எதைத் தெரிவுசெய்தாலும், தரவுப் பாதுகாப்பு இல்லாத நாட்டுக்குச் சான்றையும் தனிப்பட்ட விவரங்களையும் அனுப்ப மற்ற நாடுகள் தயங்கும். உரிமை காக்கும் பகுதியை ஒதுக்கிவைத்த நாடு, குற்றத்தைப் பிடிக்கும் பகுதியிலும் நட்டமடைகிறது. இரண்டும் ஒரே ஆவணத்தில் சேர்ந்திருப்பதற்கு இதைவிட நல்ல நியாயம் தேவையில்லை.

பழையதாகிப்போன பிரதி

சமவாயத்தின் வாசகமும் வயதாகிவிட்டது. 2014 இல் எழுதப்பட்ட அதன் தரவுப் பகுதி, தரவைக் கையாளுபவர் முன்கூட்டியே அதிகாரசபைக்கு அறிவித்து அனுமதி பெறும் பழைய ஐரோப்பிய முறையைச் சார்ந்தது. தரவு களவுபோனால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்ற கடப்பாடு அதில் இல்லை. டெலிகொம் நமீபியா போன்ற சம்பவத்தில் மக்களுக்கு முதலில் தேவைப்படுவது அதுதான். எல்லை கடந்த தரவுப் பரிமாற்றம் பற்றிய 14 ஆவது உறுப்புரை, ஆபிரிக்க ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாடுகளுக்குத் தரவை அனுப்புவதையே கட்டுப்படுத்துகிறது. ஒன்றியத்துக்குள்ளேயே சட்டமுள்ள நாட்டில் இருந்து சட்டமில்லாத நாட்டுக்குத் தரவு போனால் என்ன செய்வது என்பதற்கு அது தெளிவான விடை தரவில்லை. ஆபிரிக்க ஒன்றியம் 2022 இல் ஏற்றுக்கொண்ட தரவுக் கொள்கைச் சட்டகமும், கண்டத்தின் தடையற்ற வர்த்தக வலயத்துக்காக 2024 இல் ஏற்றுக்கொண்ட எண்ணிம வர்த்தக நெறிமுறையும் இந்த இடைவெளிகளை நிரப்ப முயல்கின்றன.

இது தத்துவப் பிரச்சினையல்ல என்பதை ஒன்றியத்தின் சொந்த வரலாறே காட்டுகிறது. அடிஸ் அபாபாவில் உள்ள அதன் தலைமையகத்தைச் சீனா 200 மில்லியன் டொலர் செலவில் கட்டி 2012 இல் அன்பளிப்பாகக் கொடுத்தது. அந்தக் கட்டடத்தின் கணினிகளில் இருந்து ஒவ்வோர் இரவும் தரவுகள் ஷாங்காய்க்குச் சென்றுகொண்டிருந்தன என்று 2018 ஜனவரியில் பிரான்ஸின் லு மோண்ட் பத்திரிகை எழுதியது. சீனாவும் ஒன்றியத் தலைமையும் அதை மறுத்தன. செய்தி உண்மையோ பொய்யோ, சுயாதீனமாக விசாரித்துப் பகிரங்கமாக அறிக்கையிடும் அமைப்பொன்று இல்லாத இடத்தில் சந்தேகம் தீராமலே இருக்கும்.

எதை வைத்து அளப்பது?

எத்தனை நாடுகள் ஏற்புறுதி செய்தன என்ற எண்ணிக்கை மாநாட்டு அறிக்கைகளுக்கு வசதியானது. நான் வேறு நான்கு கேள்விகளை வைப்பேன். தரவுப் பாதுகாப்பு அலுவலகம் தனக்கு நிதி ஒதுக்கும் அமைச்சுக்கு எதிராக ஒரு முறையாவது தீர்மானம் எடுத்திருக்கிறதா? தரவு களவுபோனால் பாதிக்கப்பட்டவருக்கு அது யாரால், எத்தனை நாட்களுக்குள் தெரியவரும்? இணையக் குற்றச் சட்டத்தின் கீழ் கைதானவர்களில் மோசடிக்காரர் எத்தனை பேர், ஊடகவியலாளரும் அரசை விமர்சித்தவர்களும் எத்தனை பேர்? தேர்தல் நாளில் இணையம் திறந்திருந்ததா?

கடைசிக் கேள்விக்குச் சாம்பியா ஒரு பாடம். அது மலாபோவை ஏற்புறுதி செய்த 2021 ஆம் ஆண்டிலேயே, ஓகஸ்ட் 12 தேர்தலன்று வாட்ஸ்அப் உள்ளிட்ட சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. உள்நாட்டு அமைப்பொன்று நீதிமன்றம் சென்றது. சட்ட அதிகாரம் இல்லாமல் இணையத்தைத் தடைசெய்வதில்லை என்று ஒழுங்குபடுத்தும் நிறுவனம் 2022 மார்ச்சில் நீதிமன்றத்தில் இணக்கம் தெரிவித்தது. இணையத்தை முடக்கிய அரசை அந்தச் சமவாயம் தானாகத் தடுக்கவில்லை. வழக்குப் போட ஒரு அமைப்பும், அதைக் கேட்க ஒரு நீதிமன்றமும் தேவைப்பட்டன.

இலங்கை வாசகருக்கு இதில் அந்நியமானது அதிகமில்லை. நமது கணினிக் குற்றச் சட்டம் 2007 இல் வந்தது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இல் வந்து, அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவதும் தள்ளிப்போடப்பட்டது. ஆபிரிக்காவிடம் குறைபாடுகளுடன் என்றாலும் மலாபோ இருக்கிறது, அபுஜா நீதிமன்றம் இருக்கிறது. தெற்காசியாவில் சார்க் அமைப்பின் கீழ் அப்படி எதுவும் இல்லை.

மலாபோவை அடுத்து ஏற்புறுதி செய்யப்போகும் நாடு எதுவானாலும், அதன் நாடாளுமன்றம் அந்த ஒரே நாளில் இரண்டு சட்டமூலங்களையும் மேசையில் வைக்க வேண்டும்: பொலிஸாருக்கு அதிகாரம் தருவது ஒன்று, பொலிஸாரையும் அமைச்சையும் கேள்வி கேட்கும் ஆணையாளரை நியமிப்பது மற்றது. இரண்டாவதற்கு அந்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்திலேயே பணமும் ஒதுக்க வேண்டும். செனகலும் ஐவரி கோஸ்ட்டும் இரண்டு சட்டங்களையும் ஒரே நாளில் வெளியிட முடியும் என்று காட்டியிருக்கின்றன. மற்ற நாடுகளுக்கு அது முடியாது என்று சொல்ல ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.